முந்தி எரிந்த காமன்

மன்மதனை எரிக்க வேண்டியவர் சிவபெருமான். அதற்கென்று அவருக்கு ஒரு நாள் உண்டு, ஒரு நேரம் உண்டு, நெற்றியில் தனியாக ஒரு கண்ணும் உண்டு. என்னிடம் இருந்தது ஒரு தேய்ந்த சங்கிலி மட்டும்தான். ஆனாலும் அந்த வருஷம் மாசி மாதத்தில், இரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துக் காமன் பொட்டலில், அவரை நான் முந்திக்கொண்டேன்.

என் பெயர் நுஹ்மான். இரத்தோட்டைக் கடைவீதியில் பெற்றோமக்ஸ் விளக்கு, கதிரை, கூடாரத் துணி எல்லாம் வாடகைக்குக் கொடுப்பவன். கல்யாண வீடு, பள்ளிவாசல் கந்தூரி, பௌத்தப் பன்சலைப் பெரஹர ஊர்வலம், தோட்டத்துத் திருவிழா என்று எல்லாருக்கும் வெளிச்சம் தேவைப்படுவதால் எல்லாச் சாமிகளுடைய ஆட்களோடும் எனக்கு நல்ல உறவு. தோட்டத்தில் என்னை ‘லைட்டு நானா’, அதாவது விளக்கு அண்ணன், என்பார்கள். விளக்கோடு சிரிக்கவைக்கும் பகிடியையும் கொண்டுபோவேன். விளக்குக்கு மட்டும்தான் வாடகை.

அந்த வருஷம் எனக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. விளக்குகளின் எண்ணெய்த் தொட்டியில் சிவப்புப் பெயின்றால் ‘நுஹ்மான் லைட் சேர்விஸ்’ என்று எழுதுவித்திருந்தேன். எழுதியபின் சும்மா இருக்க முடியவில்லை. பத்துப் பேர் படிக்கும் இடத்தில் அது தொங்க வேண்டும். பொட்டலில் எல்லாருடைய கண்ணும் போகும் இடம் எது? காமன் கம்பம். வைக்கோல் புரி சுற்றிய, காய்ந்த, ஆளுயரத்துக்கு மேலான கம்பம். அதற்கு நேர் மேலே ஒரு குறுக்குக் கழியில் விளக்கை மாட்டினேன்.

மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் தோட்டத்துத் தொழிலாளி இருளாண்டி.

“நானா, இந்தச் சங்கிலி தேஞ்சி போயிருக்கு. கம்பத்துக்கு மேல வேணாம். அந்தப் பக்கம் மாட்டுங்க.”

“என் பெஞ்சாதி என்னைத் தாங்குறா. இந்தச் சங்கிலி ஒரு விளக்கைத் தாங்காதா?” என்றேன்.

ஏணியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருளாண்டி சிரிக்கவில்லை. நான் இறங்கும்வரை சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காமன் கூத்து தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. சிவனுடைய தவத்தைக் கலைக்க மன்மதனுக்கு மேலிடத்து உத்தரவு வருகிறது. அவன் மனைவி ரதி கெட்ட கனவு கண்டு, போகாதே என்று அழுகிறாள். அவன் போகிறான். அம்பு விடுகிறான். சாம்பலாகிறான். அமாவாசை கழிந்து கம்பம் நடுவார்கள். கூத்தில் வேஷம் கட்டுகிறவர்களின் வலது மணிக்கட்டில் மஞ்சள் நூலை முறுக்கிக் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டியவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. பௌர்ணமியில் கம்பத்தை எரிக்கும்வரை காப்பும் இறங்கக்கூடாது. எல்லையைத் தாண்டினால் வேஷம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்த வருஷம்தான் இருளாண்டி முதன்முதலாக மன்மதன் வேஷம் கட்டுகிறான். மீசை முளைத்த நாளிலிருந்து அந்தக் கூத்தில் அவன் நந்தியாக நின்றிருக்கிறான், தூதனாக ஓடியிருக்கிறான், ஒரு வருஷம் இரண்டு பேர் சேர்ந்து கட்டிய யானையின் பின்பக்கமாகக்கூட இருந்திருக்கிறான். “யானைக்குப் பின்னங்கால் முக்கியம் நானா” என்று அப்போது என்னிடம் சொன்னான். சொன்ன முகத்தைப் பார்த்தபோது நானே பகிடியை நிறுத்திவிட்டேன். மன்மதன் வேஷத்தைக் கூத்து மாஸ்டர் மாணிக்கவாசகத்தின் தம்பி கட்டிவந்தார். தோட்டத்தில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று இரண்டு நாட்டுப் பெரியவர்கள் பேசி முடித்திருந்த காலம் அது. போவதென்று முடிவானதும் தம்பிக்கு ஆட்டத்தில் மனம் விட்டுப்போயிற்று. வேஷம் இருளாண்டிக்கு வந்தது. அவன் வராவிட்டால் ஆடுவதற்கு மாஸ்டரின் மருமகன் சுந்தரலிங்கம் எல்லா வசனத்தையும் பாடமாக்கிக்கொண்டு அருகிலேயே நின்றான்.

விளக்கு எரிந்தது. என் பெயர் சிவப்பாகத் தெரிந்தது. ஒரு பொடியன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். எனக்கு மனம் குளிர்ந்தது. அப்போதுதான் சங்கிலி அறுந்தது.

விளக்கு கம்பத்தின் தலையில் விழுந்து உடைந்தது. மண்ணெண்ணெய் சிந்த, வைக்கோல் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. மாசி மாதத்து வைக்கோல் எப்படிப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் பின்னால் பாய்ந்தார்கள். என்னையும் சேர்த்து. முன்னால் பாய்ந்தவன் ஒருவன்தான். எரிகிற புரியை இருளாண்டி வலது கையால் பிடித்து இழுத்து உருவினான். உருவி, மிதித்து, மறுபடி உருவி, நடுக்கம்பை மட்டும் கருகாமல் காப்பாற்றினான்.

புகை அடங்கியது. கூத்தில் ரதிக்கும் மன்மதனுக்கும் இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் காமன் பாதி வெந்துவிட்டான். அதைவிடக் கெட்ட சகுனம் தோட்டத்தில் கிடையாது. பொட்டலே திரும்பி என்னைப் பார்த்தது.  ஒரு ஆள் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருந்ததையும் கவனித்தேன். அவன் அதை வேறு வேலைக்காகத்தான் வைத்திருந்திருப்பான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பயம் வந்தால் சில பேருக்குக் கால் ஓடும். எனக்கு வாய் ஓடும்.

“சாமிக்கே அவசரம் போல” என்றேன். “இந்த வருஷம் உண்மையான மதன் யாருன்னு கம்பமே கையக் காட்டிருச்சி. பாருங்க, யாருடைய கையைப் பிடிச்சிருக்குன்னு.”

யாராவது சிரிப்பார்கள், இறுக்கம் தளரும், நான் சாமானைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் குலவையிட்டாள். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். மாஸ்டர் மாணிக்கவாசகம் முன்னால் வந்து, இருளாண்டியின் வெந்த கையைத் தூக்கிப் பார்த்து, அவன் நெற்றியில் திருநீறு பூசினார். இருளாண்டி என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நின்றான். யானையின் பின்னங்காலாக நின்றவன் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

நான் தப்பினேன். கத்திக்காரன்கூட வந்து என் உடைந்த விளக்கைப் பொறுக்கிக் கொடுத்தான்.

வீட்டில் மஸீனா சங்கிலியின் அறுந்த வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். என் மனைவி எதையும் பார்த்தவுடன் பேசமாட்டாள். முதலில் அதன் எடையைப் பார்ப்பாள்.

“நூல் போல ஈக்கிது” என்றாள்.

“மஸீனா, இது என் பிழையா?”

“அல்லாஹ் நாடினது நடக்கும். எனத்துக்கு முகட்டப் பாத்துக்கிட்டு ஈக்கிறீங்க? சோத்தத் தின்னுங்க.”

அல்லாஹ் நாடினான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவன் நாடியதற்கு என் பெயரைச் சிவப்புப் பெயின்றில் எழுதச் சொன்னானா என்பதுதான் தொண்டையில் நின்றது. சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மஸீனா கொடுத்த தேன் போத்தலோடு மேலே போனேன். இருளாண்டி தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் நின்று ஆட்டம் பழகிக்கொண்டிருந்தான். கையில் வேட்டித் துணி சுற்றியிருந்தது. கரும்பு வில்லை இடது கையில் பிடித்து, வலது கையால் இல்லாத நாணை இழுத்தான். இழுக்கும்போது பல்லைக் கடித்தான்.

அவன் மனைவி பாப்பம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

“நானா, கொஞ்சம் அந்தக் கையப் பாருங்க. எனக்குக் காட்ட மாட்டேங்கிறாரு.”

“ஒண்ணுமில்ல, பொக்களம்” என்றான் இருளாண்டி.

நான் துணியை அவிழ்த்தேன். உள்ளங்கையைப் பற்றிச் சொல்லமாட்டேன், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டு படிக்கலாம். என் கண் போனது மணிக்கட்டுக்கு. கை வீங்கியிருந்தது, காப்பு வீங்கவில்லை. மஞ்சள் நூல் தசைக்குள் ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் வேறு நிறம்.

“டிஸ்பென்சரிக்குப் போனியா?”

“போனோம்” என்றாள் பாப்பம்மா. “டிஸ்பென்சர் ஐயா இந்த நூல இப்பவே வெட்டணும், மாத்தளை ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போகணும்ன்னாரு. கத்திரிக்கோல எடுத்தாரு. இவரு கைய இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. இந்தக் கையாலதான் நானா கவ்வாத்து வெட்டுறாரு. கை போனா தோட்டத்து வேலைப் பதிவுல பேர் போயிரும். பேர் போனா குடியிருக்கிற இந்தக் காம்பராவும் போயிரும்.”

“இருளாண்டி, கடையில நம்ம ரவூப்புடைய கார் நிக்கிது. இப்பவே கூட்டிட்டு வாறேன்.”

“எல்லையத் தாண்டக்கூடாது நானா.”

“அப்ப நூலையாவது வெட்டுவோம்.”

அவன் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். “கம்பம் காட்டின கை. எழுதினபடி நடக்கட்டும். நீங்களே சொன்னீங்கல்ல?”

வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருவர் அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை. அதற்கு நான் அந்தப் பேச்சைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டாம்.

சொன்னவன்தானே திருப்பி எடுக்க வேண்டும்? அன்று மாலையே பொட்டலுக்குப் போனேன். ஒத்திகைக்குக் கூட்டம் கூடியிருந்தது. அறுந்த வளையத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

“எல்லாரும் கேளுங்க. சாமியும் இல்ல, சகுனமும் இல்ல. சங்கிலி தேஞ்சிருந்திச்சி. தேஞ்சிருக்குன்னு இருளாண்டி எனக்குச் சொன்னான். என் பேரை நீங்க படிக்கணும்னு நான்தான் அங்க மாட்டினேன். கம்பம் கை காட்டிச்சின்னு சொன்னதும் நான் பயத்துல சொன்ன பொய்.”

 பிறகு சிரித்தார்கள். நான் இத்தனை வருஷமாகச் சொன்ன எந்தப் பகிடிக்கும் அப்படிச் சிரித்ததில்லை. “நானா மூஞ்சப் பாரு, அழுற மாதிரியே பண்றாரு” என்று ஒருவன் மற்றவன் தோளில் சாய்ந்தான். “இன்னொரு தரம் செய்யுங்க நானா” என்றான் இன்னொருவன்.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. மாணிக்கவாசகம் மெலிந்த, வெற்றிலைக் கறை படிந்த பல்லுள்ள மனிதர். எதையும் நியாயமாகக் கேட்பவர். வளையத்தை வாங்கி விரலால் தடவினார்.

“தேஞ்சிருந்தது சரி நானா. இந்தச் சங்கிலியோட எத்தனை வீட்டுக்குப் போயிருப்பீங்க?”

“நிறைய.”

“அங்கல்லாம் அறுகல. கம்பத்துக்கு மேல மாட்டின அன்னைக்கு ஏன் அறுந்துச்சி?”

  ஒரு சங்கிலி என்றைக்காவது அறுந்துதானே ஆகவேண்டும் என்று வீட்டுக்கு வந்தபிறகு தோன்றியது. நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றும்.

“மாஸ்டர், அந்தக் காப்பை அவிழ்த்தா அவன் கை பிழைக்கும். நீங்க சொன்னா முடியும்” என்றேன்.

“அவுக்கக்கூடாதுன்னு நான் சொல்லல. காப்பு விலங்கு இல்ல. இஷ்டப்பட்டுக் கட்டினது, இஷ்டப்பட்டு அவுக்கலாம். அவன் வாயால கேட்டா இந்த நிமிஷமே அவுப்பேன். ஒரு குத்தமும் இல்ல. சுந்தரலிங்கம் ஆடுவான், அவ்வளவுதான்.”

எனக்கு மூச்சு வந்தது. “கேளுங்க. இப்பவே கேளுங்க.”

மாஸ்டர் இருளாண்டியைக் கூப்பிட்டார். அவன் வந்து நின்றான். பாப்பம்மாவும் பின்னால் வந்து, நான் நிற்கும் இடத்துக்கு அருகில் நின்றாள். மாஸ்டர் மடியிலிருந்து பாக்கு வெட்டியை எடுத்தார். கூட்டம் சிரிப்பை நிறுத்தியது.

“இருளாண்டி. நல்லா யோசிச்சிச் சொல்லு. அவுக்கவா?”

இருளாண்டி கையை நீட்டினான். சத்தியமாகச் சொல்கிறேன், நீட்டினான். துணிக்குள்ளிருந்து வெளியே வந்த விரல்கள் மொச்சைக்காய் மாதிரி ஊதியிருந்தன. பாக்கு வெட்டியின் வாய் நூலுக்குக் கிட்டப் போனது. பாப்பம்மா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். பிடித்தது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அந்த நேரம் சுந்தரலிங்கம் மன்மதனின் கிரீடத்தைத் தரையிலிருந்து எடுத்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. யாராவது மிதித்துவிடுவார்கள் என்று எடுத்திருப்பான். எடுத்தவன், தூசி தட்டினான்.

இருளாண்டி அதைப் பார்த்தான். கை பின்னால் போய்விட்டது.

“வேணாம் மாஸ்டர். எழுதினது எழுதினபடி நடக்கட்டும்.”

பாப்பம்மா என் கையை விட்டாள்.

அதன்பின் நான் செய்த கோமாளித்தனங்களை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எரிப்பு அன்றைக்கு விளக்குத் தரமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். நிலவு மட்டும் போதாது, கூத்து நடக்காது, அவன் ஆஸ்பத்திரிக்குப் போவான் என்று திட்டம். “பரவாயில்ல, பந்தம் கட்டிக்கிறோம், முன்னயெல்லாம் அப்படித்தான்” என்று பதில் வந்தது. வைக்கோல் கம்பத்தைச் சுற்றிப் பந்தங்கள் என்று யோசித்ததும் நானே விளக்கை அனுப்பிவிட்டேன். புதுச் சங்கிலியோடு.

பாப்பம்மா ஒரு யோசனை சொன்னாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றுகொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

“நானா, நீங்க நெசத்தச் சொன்னா யாரும் நம்பல. பொய்தான் எடுபட்டுச்சி. இன்னொரு பொய் சொல்லுங்க. கனவு கண்டேன்னு சொல்லுங்க. சாமி வேணாம்ன்னுச்சின்னு சொல்லுங்க.”

கூத்தில் ரதிக்குக் கனவு வரும். இங்கே ரதி எனக்குக் கனவைக் கடன் கொடுத்தாள். போனேன். இருளாண்டி லயத்துக்குப் பின்னால் பீலிக்கரையில் இடது கையால் முகம் கழுவிக்கொண்டிருந்தான். காய்ச்சல் கண்ணில் தெரிந்தது. வெள்ளை உடுத்த ஒருவர் வந்தார், கம்பத்தைச் சுட்டிக் காட்டினார், இந்தக் கை வேண்டாம் என்றார் என்று ஒரு கனவைச் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே அலங்கரித்துவிட்டேன். வெள்ளைக் குதிரை ஒன்றும் வந்தது.

அவன் பொறுமையாகக் கேட்டான்.

“குதிர வேணாம் நானா” என்றான். “குதிர இல்லாம சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

பிறகு துணியை வாயால் பிடித்து இறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

எரிப்பு நாள். கூத்து முழுதும் ஓடி, கம்பத்துக்குத் தீ வைப்பது கிழக்கு வெளுக்கும் நேரத்தில். ரவூப்பின் ஒஸ்டின் காரைத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே, எல்லைக் கல்லை ஒட்டி நிறுத்திவைத்தேன். ரவூப் தூங்கிவிடாமல் இருக்க அவனுக்குப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு பொட்டலுக்கு ஏறினேன்.

இருளாண்டி வந்தான். முகத்துக்குப் பச்சை நிறம் பூசியிருந்தார்கள்; அதனால் அதன் உண்மையான நிறம் யாருக்கும் தெரியவில்லை. வலது கைக்கு மேலே ஜிகினாத் தாள் ஒட்டிய பெரிய புஜக்கட்டும் மணிக்கட்டுப் பட்டையும். காப்பு அதற்குள் எங்கோ இருந்தது.

நான் முப்பது நாற்பது காமன் கூத்துக்கு வெளிச்சம் கொடுத்தவன். விளக்குக்குக் காற்றடிப்பதில் கண்ணாக இருப்பேன், ஆட்டத்தைப் பார்க்கமாட்டேன். அன்று பார்த்தேன். ரதி வேஷக்காரன் கால்களைப் பிடித்துக்கொண்டு, போகாதீங்க என்று அழுதான். மன்மதன் அவளைத் தூக்கி நிறுத்தி, வந்த உத்தரவைத் தட்டமுடியாது, என் தலையில் எழுதியது உன் கண்ணீரில் அழியாது என்று பாடினான். குரல் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. பெண்கள் அழுதார்கள். பாப்பம்மா அழவில்லை. அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் கூத்துப் பார்க்காத ஆள் அவள் ஒருத்திதான்.

ரதியின் கையை அவன் உதறும்போது, போகாதே என்று கத்த எனக்கு வாய் வந்தது. கத்தியிருந்தால் பகிடி என்று சிரித்திருப்பார்கள்.

சிவன் தவத்தில் இருந்தார். மன்மதன் கரும்பு வில்லை எடுத்தான். ஊதிய விரல்களால் பூ அம்பைப் பிடிக்க முடியவில்லை. ஒருதரம் நழுவியது. குனிந்து எடுத்தான். மறுபடி நழுவியது. சுந்தரலிங்கம் ஓரத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்தான். இருளாண்டி அவனை ஒரு பார்வை பார்த்தான். அம்பைப் பல்லில் கடித்து, நாணில் பூட்டி, முழங்கையால் இழுத்து விட்டான்.

அம்பு போனது. நெற்றிக் கண் திறந்தது. கம்பம், இந்தத் தடவை உரிய நேரத்தில், உரியவர் கையால், எரிந்தது.

மன்மதன் விழுந்தான். விழ வேண்டியதுதான், அவன்மேல் வெள்ளைத் துணி போர்த்த வேண்டியதுதான், ரதி ஒப்பாரி வைக்க வேண்டியதுதான். எல்லாம் முறைப்படி நடந்தது. துணிக்குக் கீழே கிடந்தவன் நடித்துக் கிடக்கிறானா, உண்மையாகக் கிடக்கிறானா என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒப்பாரி நீண்டது. துணி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். என் பெற்றோமக்ஸ் எல்லாம் காற்றுக் குறைந்து மங்கின, நான் அடிக்கவில்லை.

பாப்பம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் துணியை இழுத்தாள்.

மாஸ்டர்தான் காப்பை வெட்டினார். நூல் கண்ணுக்குத் தெரியவில்லை, தேடி வெட்ட வேண்டியிருந்தது. சுந்தரலிங்கம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லைக் கல்வரைக்கும் ஓடினான். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே ஓடியதை நான் சொல்லியே ஆகவேண்டும். ரவூப் அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தில் வளைவுகள் எல்லாம் நேராகின. வழி முழுவதும் மன்மதனின் பச்சைச் சாயம் என் வெள்ளைச் சட்டையில் வடிந்தது.

உயிர் தங்கியது. கை மணிக்கட்டோடு போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு நான் தினமும் போனேன். தோடம்பழம் கொண்டுபோவேன், தலைமாட்டில் வைப்பேன், பகிடி ஒன்று சொல்லப் பார்ப்பேன், வராது. வீட்டில் மஸீனாவிடம், இது என் பிழையா என்று மறுபடி கேட்டேன்; கழாகத்ர், இறைவன் விதித்தது, என்றாள். ரவூப்பிடம் கேட்டேன்; நீ என்ன செய்வாய், காலம் என்றான். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு வந்த மாஸ்டரிடம் கேட்டேன். எல்லாம் அவன் செயல் என்று மேலே பார்த்தார். பாப்பம்மாவிடம் கேட்கப் பயந்து பயந்து கேட்டேன். “நீங்க கார் கொண்டாந்தீங்களே நானா” என்றாள். அது பதில் இல்லை, மரியாதை. விளக்குக்காரனின் மனம் நோகக்கூடாது என்று மாத்தளை மாவட்டமே கூடிப் பேசி முடிவெடுத்த மாதிரி இருந்தது. யாராவது என்னைத் திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

ஒரு நாள் பாப்பம்மா தேத்தண்ணி வாங்கப் போயிருந்தாள். இருளாண்டி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பச்சை ஒட்டியிருந்தது. நான் தோடம்பழத்தை உரித்துச் சுளையாகக் கொடுத்தேன். இடது கையால் வாங்கினான்.

“இருளாண்டி, பகிடி இல்ல. ஒண்ணு கேக்கிறேன். என் மனம் நோகுமேன்னு பார்க்காத. இது என் பிழையா, இல்ல உன் தலையில எழுதினதா?”

அவன் சுளையை மென்று முடித்தான். கொட்டையை உள்ளங்கையில் துப்பி, அதை என்ன செய்வது என்று பார்த்து, என் கையில் வைத்தான்.

“சங்கிலி தேஞ்சிருக்குன்னு சொன்னேன். நீங்க கேக்கல. வெளக்கு விழுந்தது உங்க குத்தம்.”

நான் தலையாட்டினேன். நெஞ்சில் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது போலவும் இருந்தது, யாரோ அறைந்தது போலவும் இருந்தது.

“அப்ப கையும்…”

“இருங்க. கம்பம் கையக் காட்டிச்சின்னு நீங்க சொன்னப்பவே தெரியும், பயத்துல சொல்றீங்கன்னு. உங்க மூஞ்சியிலயே இருந்துச்சி. எனக்கு அந்தப் பேச்சு தேவப்பட்டுச்சி, எடுத்துக்கிட்டேன். விதி விதின்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்கல்ல.” கட்டுப்போட்ட கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான். “மாஸ்டர் அவுக்கவான்னு கேட்டாரு. நான் வேணாம்னேன். எனக்கு ஆடணும். ஒரு தரமாவது முன்னால நின்னு ஆடணும். அது தப்பான முடிவு. பாப்பம்மா சோறு பெசஞ்சி ஊட்டுற ஒவ்வொரு தடவையும் தெரியுது.”

“நான் மட்டும் அந்த விளக்கை…”

“நானா, எந்த மலையில கவ்வாத்துன்னு கங்காணி சொல்றாரு. எந்த நாட்டுல கெடக்கணும்ன்னு எங்கயோ இருக்கிறவங்க சொல்றாங்க. என் வயசுக்கு நானே முடிவு பண்ணினது இது ஒண்ணுதான். அதப் போயி சாமி செஞ்சிச்சி, நீங்க செஞ்சீங்கன்னு ஆளுக்கொரு பக்கமா இழுத்தா எப்பிடி? வெளக்கு உங்க குத்தம், அத நீங்க வெச்சிக்குங்க. கை என்னோடது.”